நேற்று, நேத்து: ஒன்பது ஊர்ப் பேச்சைக் கணினியில் அளந்த கதை

முதல் மரப்படம் திரையில் வந்தபோது இரவு ஒரு மணி இருக்கும். ஒன்பது ஊர்கள், ஒன்பது கிளைகள். பேச்சு ஒத்துப்போகும் ஊர்கள் பக்கத்துக் கிளைகளில் வரும். மதுரையும் திருநெல்வேலியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் ஒரே கொத்தில். சரி, நிரல் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு ஈரோட்டைத் தேடினேன். அது யாழ்ப்பாணக் கொத்துக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: பத்து நிமிடம் அதை நம்பினேன். கொங்கு வழியாகப் போன பழைய வணிகப் பாதை, கடல் கடந்த குடியேற்றம் என்று மனத்துக்குள் ஒரு கதையே ஓடிவிட்டது. படம் அழகாக இருந்தால் அதற்கு ஏற்ற வரலாறு தானாக முளைத்துவிடுகிறது. அந்த மரத்தை வெட்டி மறுபடி நடுவதற்குப் பிடித்த மூன்று மாதத்தில் என்னென்ன உடைந்தது, எதையெதை எப்படிச் சரிசெய்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போட்ட திட்டம் எளிமையானது. உடல் உறுப்பு, உறவு, வீடு, வானிலை, அன்றாட வினைகள் என்று நூறு பொருள்கள். சென்னை, வேலூர், ஈரோடு, தஞ்சாவூர், மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று ஒன்பது இடங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒருவர். பொது விரிதாள் ஒன்றைத் திறந்து, "உங்கள் ஊரில் சொல்வது போல எழுதுங்கள்" என்று ஒரே ஒரு வரிக் குறிப்போடு அனுப்பினேன். அந்த ஒரு வரிதான் பின்னால் எனக்கு ஐந்து வாரத்தைத் தின்றது.

ஒன்பது ஊர் என்றால் முப்பத்தாறு இணைகள். ஒவ்வோர் இணைக்கும், ஒரே பொருளுக்கான இரண்டு சொற்களை எடுத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்ற எத்தனை ஒலியைச் சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும், மாற்ற வேண்டும் என்று எண்ண வேண்டும். 1965இல் விளாதிமிர் லெவன்ஷ்டைன் குறியீட்டுப் பிழைகளுக்காகச் சொன்ன அளவு இது. 1995இல் பிரெட் கெஸ்லர் இதை ஐரிஷ் வட்டார வழக்குகளுக்குப் பயன்படுத்திக் காட்டினார். அதற்கும் இருபது ஆண்டு முன்பே, தென்மேற்குப் பிரான்சின் காஸ்கோன் ஊர்களை இணை இணையாக எடுத்து வேறுபாடுகளை எண்ணி அளந்தவர் ழான் செகி. ஊர்ப் பேச்சை எண்ணாக்கும் வேலைக்கு வழக்களவை என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

முதலில் உடைந்தது எழுத்து. பைதான் என்ற நிரல்மொழியிடம் 'பழம்' எத்தனை நீளம் என்று கேட்டால் 4 என்கிறது: ப, ழ, ம, அப்புறம் ஒரு புள்ளி. நம் காதுக்கு அது ஐந்து ஒலி: ப் அ ழ் அ ம். யூனிகோடில் அகரம் கண்ணுக்குத் தெரியாது. அகரம் இல்லாமல் இருப்பதற்குத்தான் தனிக் குறி. அதாவது ஒலி இருக்கும் இடத்தில் ஒன்றுமில்லை, ஒலி இல்லாத இடத்தில் ஒரு புள்ளி. இப்படி எண்ணினால் கணக்கு தலைகீழாகத்தான் வரும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. 'கொடு' என்ற சொல் இரண்டு பேரின் பட்டியலிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரிந்தது. ஆனால் நிரல் அவற்றுக்கிடையே 2 என்று தூரம் சொன்னது. ஒருவரின் விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியாகப் போட்டிருந்தது. இன்னொருவருடையது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டிருந்தது. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இரண்டு ஊர் வழக்கின் வேறுபாடு என்று நான் அளந்ததில் ஒரு பங்கு இரண்டு கைப்பேசிகளின் வேறுபாடு. எல்லாக் கோப்புகளையும் முதல் வேலையாக யூனிகோடு சீராக்கத்துக்கு, அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு குறிகளை ஒன்றாக்கும் வேலைக்கு, உட்படுத்தினால் இது ஒரே வரியில் தீர்ந்துவிடும். ஆனால் 'ஔ' போட வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்தைத் தட்டி வைத்திருந்தால் சீராக்கம் அதைத் தொடாது. கையால்தான் திருத்த வேண்டும்.

பிறகு ஒவ்வொரு சொல்லையும் மெய், உயிர் என்று உடைக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். உயிர்மெய் வந்தால் பிரி, புள்ளி வந்தால் மெய் மட்டும், எதுவும் வராவிட்டால் ஓர் அகரம் சேர். அவ்வளவுதான். நம் இலக்கணத்தில் முதல் பாடமே இதுதான் என்பதால், நிரலை எழுதி முடிக்கக் கால் மணிநேரம்கூட ஆகவில்லை.

இதையெல்லாம் செய்து மறுபடி ஓட்டினேன். ஈரோடு அசையவில்லை. யாழ்ப்பாணத்தின் மடியிலேயே இருந்தது.

அதற்கப்புறம்தான் உருப்படியான ஒரு காரியம் செய்தேன்: அந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். யாழ்ப்பாண நண்பர் 'நேற்று', 'காற்று' என்று எழுதியிருந்தார். ஈரோட்டுப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியையும் 'நேற்று', 'காற்று' என்றே எழுதியிருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் பெரும்பாலும் 'நேத்து', 'காத்து'. அந்த ஈரோட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க பேசறப்போ நேற்றுன்னா சொல்வீங்க?" என்று கேட்டேன்.

"பேசறப்போ நேத்துதான். நீ எழுதித்தான கேட்ட கண்ணு? எழுத்துல தப்பு வருமா?"

முப்பது வருடம் பிள்ளைகளின் ஒற்றுப்பிழையைத் திருத்திய கை. அது 'நேத்து' என்று எழுதவே எழுதாது. என் கணினி கண்டுபிடித்தது கொங்கு-யாழ்ப்பாண உறவை இல்லை. இரண்டு பேர் பள்ளிக்கூட எழுத்தில் எழுதினார்கள் என்பதை.

வேடிக்கை என்னவென்றால், யாழ்ப்பாண நண்பரின் 'நேற்று' வெறும் பள்ளி எழுத்து இல்லை. இலங்கைத் தமிழில் ற்ற இன்னும் தனி ஒலியாகவே இருக்கிறது. 'பத்து', 'பற்று', 'பட்டு' மூன்றையும் சொல்லச் சொல்லி அவரிடம் ஒலிப்பதிவு வாங்கினேன். நாக்கு பல்லைத் தொடுகிறது, மேல் ஈற்றைத் தொடுகிறது, மடங்கி அண்ணத்தைத் தொடுகிறது. மூன்றும் மூன்று இடம். தமிழ்நாட்டுப் பேச்சில் முதல் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. ஆக ஒரே எழுத்து ஒருவரிடம் ஒலியைக் காட்டுகிறது, இன்னொருவரிடம் ஒழுக்கத்தைக் காட்டுகிறது. கோப்பை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க எந்த நிரலாலும் முடியாது.

இந்தக் குழியில் விழுந்த முதல் ஆள் நான் இல்லை என்பது பிறகு தெரிந்தது. 1876இல் ஜெர்மனியில் கேயோர்க் வெங்கர் பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்கியங்களை அஞ்சலில் அனுப்பி, உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். பிறகு அது நாற்பது வாக்கியங்களாகி, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. ஒவ்வோர் ஆசிரியரும் தனக்குத் தோன்றிய எழுத்தில் எழுதினார். பிரான்சில் ழூல் ழிலியெரோன் வேறு வழியில் போனார். எத்மோன் எத்மோன் என்ற ஒரே ஒருவரைப் பயிற்றுவித்து 639 இடங்களுக்கு அனுப்பினார். எல்லா ஊரையும் கேட்டது ஒரே காது. எண்ணிக்கை வெங்கர் பக்கம், சீர்மை எத்மோன் பக்கம். நான் வெங்கர் வழியில் தொடங்கி, தெரியாமலே எத்மோன் வழிக்கு வந்து சேர்ந்தேன்.

தமிழுக்கு இப்படி ஒரு பழைய அளவாய்வு இருந்தால் எடுத்துக்கொள்ளலாமே என்று தேடினேன். 1903 முதல் 1928 வரை கிரியர்சன் வெளியிட்ட இந்திய மொழிகள் அளவாய்வு, பைபிளின் ஊதாரி மகன் கதையை ஊர் ஊராக மொழிபெயர்த்து வாங்கியது. ஆனால் சென்னை மாகாணமும் மைசூர், ஐதராபாத் சமஸ்தானங்களும் அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே விடப்பட்டன. தமிழ் வழங்கும் நிலத்தில் பெரும்பகுதி அங்கேயே போய்விட்டது.

வேறு வழியில்லை. எல்லோரிடமும் சொற்களை வாக்கியத்தில் வைத்துப் பேசி ஒலிப்பதிவாக அனுப்பச் சொன்னேன். தொள்ளாயிரம் துண்டுகளையும் நானே கேட்டு, நானே எழுதினேன். மாலை நேரங்களில் ஐந்து வாரம். என் காதுக்கும் கோளாறு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது ஊருக்கும் ஒரே கோளாறு. தமிழ் எழுத்து காட்டாத வேறுபாடுகளுக்குத் தனிக் குறி வைத்துக்கொண்டேன். 'மரம்' என்று எல்லோரும் எழுதுகிறோம். பலர் வாயில் கடைசி மகரம் உதடு ஒட்டுவதே இல்லை, மூக்கொலி கலந்த உயிராக முடிகிறது. அதற்கு ஒரு குறி. ககரம் அழுத்தமாக வருகிறதா, தளர்ந்து ஹகரம் போல வருகிறதா என்பதற்கு ஒரு குறி. முதல் முப்பது சொற்களை எழுதி முடித்தபோது என் குறிமுறையே மாறிவிட்டிருந்தது. ஆகவே அவற்றைத் திரும்ப எழுதினேன். இதைச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஊர் ஊராகக் கேட்காதீர்கள், சொல் சொல்லாகக் கேளுங்கள். 'மழை'யை ஒன்பது ஊரிலும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் காது நேர்மையாக இருக்கும்.

இந்த முறை ஈரோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வந்தது. நிம்மதி.

ஆனால் எண்களைத் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கியதும் வேறு சில இடங்கள் உறுத்தின. 'வீடு', 'ஊடு' இரண்டையும் எடுங்கள். வ் ஈ ட் உ ஒருபக்கம், ஊ ட் உ மறுபக்கம். இரண்டு மாற்றம், நான்கு இடம், வகுத்தால் தூரம் 0.5. அடுத்து 'பையன்', யாழ்ப்பாணத்துப் 'பொடியன்'. ப் ஐ ய் அ ன், ப் ஒ ட் இ ய் அ ன். மூன்று மாற்றம், ஏழு இடம்: 0.43. அதாவது ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பைவிட, வேர் வேறான இரண்டு சொற்கள் நெருக்கம் என்கிறது கணக்கு! பகரத்தில் தொடங்கி 'யன்' என்று முடிவது தற்செயல். நிரலுக்குத் தற்செயல் என்றால் என்னவென்று தெரியாது.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்தேன். வேர் ஒன்றா என்பது ஒரு கேள்வி: 'பேசு' என்பதற்கு யாழ்ப்பாணம் 'கதை' என்றால் அது சொல் வேறுபாடு, அதில் ஒலியை அளப்பதில் பொருளில்லை. வேர் ஒன்றுதான் என்று உறுதியான பின்புதான் ஒலித்தூரம். வேரைப் பார்க்கப் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி கைகொடுத்தது; இணையத்திலேயே தேடலாம். வேர்களைத் தானாகக் கொத்தாக்கும் வசதி லிங்பை என்ற பைதான் தொகுப்பில் இருக்கிறது. அதையும் ஓட்டிப் பார்த்தேன். நூறு சொல்தானே, கையால் செய்ததையே நம்பினேன்.

'ஊடு' இன்னொரு பாடமும் சொன்னது. வகரத்துக்குப் பின் வரும் இகரம், அடுத்து ட, ழ போல நாக்கு மடங்கிப் பிறக்கும் நாமடி ஒலி இருந்தால், உதடு குவிந்து உகரமாகிறது. பிறகு வகரம் உதிர்கிறது. வீடு, வூடு, ஊடு. இதே வழியில்தான் 'விடு' என்பது 'உடு' ஆகிறது, 'விழு' என்பது 'உளு' ஆகிறது. நடந்தது ஒரே ஒரு பழக்க மாற்றம். என் பட்டியலில் மூன்று சொல் இருந்ததால் அது மூன்று முறை எண்ணப்பட்டது. பட்டியலில் வகரச் சொல் இன்னும் பத்து இருந்திருந்தால் அந்த ஊர் இன்னும் தூரம் போயிருக்கும். சொற்களை எண்ணுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, பட்டியல் போட்டவரின் ரசனையை எண்ணுகிறோம்.

இதற்குள் இன்னொன்றும் தெளிவாகிவிட்டது. நான் அளந்தது இன்றைய வேறுபாட்டை. எனக்கு வேண்டியது அது எப்படி உண்டானது என்பது. திருத்திய படத்தில் யாழ்ப்பாணம் எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்றது. அப்படியானால் அது முதலில் பிரிந்ததா? அவசரப்பட்டால் அப்படித்தான் எழுதத் தோன்றும். ஆனால் அந்தத் தூரத்தில் பாதி, யாழ்ப்பாணம் மாறியதால் வந்ததில்லை. மற்றவர்கள் மாறியதால் வந்தது. ற்ற ஒலியை அது வைத்துக்கொண்டது, இந்தப் பக்கம் தொலைத்துவிட்டோம். மறுபாதி நிஜமாகவே புதியது: மக்களைக் குறிக்க 'அவர்கள்' இருந்த இடத்தில் 'அவை' வந்து 'அவை வந்தவை' என்பது போல. வைத்துக்கொண்டதையும் புதிதாகச் செய்ததையும் ஒரே எண்ணில் கூட்டிவிட்டால் வரலாறு அதிலிருந்து திரும்ப வராது. இரண்டு வீட்டில் ஒரே பழைய பித்தளைக் குடம் இருப்பதால் அவர்கள் நெருங்கிய உறவாகிவிட மாட்டார்கள். பாட்டி காலத்தில் எல்லார் வீட்டிலும் அது இருந்தது. ஒரே புதுப் பழக்கம் இரண்டு வீட்டில் மட்டும் இருந்தால்தான் போக்குவரத்து இருந்ததா என்று கேட்க வேண்டும்.

அதனால் தூரக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒலி மாற்றங்களை மட்டும் வரிசையாக எழுதி ஒரு கட்டம் போட்டேன். ற்ற > த்த. ழ > ள. ழ > ய, சென்னையில் 'வாயப்பயம்' என்று கேட்பது. வீ > ஊ. அவர்கள் > அவுக, தெற்கே. த்த் > ச்ச், 'அடித்தான்' 'அடிச்சான்' ஆவது. நடந்திருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொரு மாற்றமும், எத்தனை சொல்லில் வந்தாலும், ஒரே ஒரு முறை. கெட்டிக்காரத்தனமே இல்லாத அட்டவணை. ஆனால் முந்தைய மூன்று மரங்களைவிட இது எனக்கு அதிகம் சொன்னது.

உதாரணமாக 'அடிச்சான்' வரிசை முழுக்க 1. யாழ்ப்பாணத்திலும் 1. மலையாளத்தைப் பார்த்தால் அங்கேயும் 'அடிச்சு'. இவ்வளவு பரவியிருந்தால் பழையதாக இருக்க வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் விளக்குக்குக் கொடுத்த கொடையைச் சொல்லும்போது 'வைத்த' என்பதோடு 'வைச்ச' என்றும் வருகிறது. நாம் கொச்சை என்று ஒதுக்குவதைக் கல்தச்சர் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செதுக்கிவிட்டார். இப்படித் தேதி தெரிந்த ஆணி ஒன்று கிடைத்தால்தான் மரத்தைக் காலத்தில் மாட்ட முடியும்.

இன்னொரு ஆணி இலக்கணத்தில் இருக்கிறது. "செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும் தங்குறிப் பினவே திசைச்சொற் கிளவி" என்கிறது தொல்காப்பியம். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரண்டு நிலங்களும் தத்தம் வழக்கில் சொல்பவை திசைச்சொல் என்பது பொருள். உரைகாரர்கள் எடுத்துக்காட்டும் தருகிறார்கள்: குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர், குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பர். இரண்டும் இன்றைய மலையாளத்தில் 'தள்ள', 'அச்சன்' என்று உயிரோடு இருக்கின்றன. அந்த நாடுகள் பழைய சேர நாட்டுப் பக்கம், இன்றைய கேரளம்; இடமும் பொருந்துகிறது. இதைத் தரவாகக் கோப்பில் சேர்த்தேன். ஒரு வட்டாரச் சொல்லுக்கு இவ்வளவு பழைய இட முகவரி கிடைப்பது அபூர்வம்.

மூன்றாவதாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சில சொற்களுக்கு யாழ்ப்பாணம், திருநெல்வேலி, நாஞ்சில் நாடு என்று சுருக்கக் குறி போட்டிருப்பார்கள். மின்வடிவிலிருந்து அந்தக் குறிகளைப் பொறுக்கி எடுத்தேன். யாழ்ப்பாணக் குறி திரும்பத் திரும்ப வந்தது. மறுபடி ஒரு கண்டுபிடிப்பு என்று துள்ளவில்லை, ஒருமுறை சூடுபட்டாயிற்று. லெக்சிகனுக்கு முந்தைய பெரிய அகராதியான 1862இன் வின்சுலோ அகராதி, யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சொல்தொகுப்பிலிருந்து வளர்ந்தது. அங்கே சொல் அதிகம் இருந்ததாலா, அங்கே தேடியவர்கள் அதிகம் இருந்ததாலா என்பதை இந்தக் குறிகளை எண்ணிச் சொல்ல முடியாது. ஆசிரியையின் 'நேற்று' போலத்தான் இதுவும். எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு சொல் அன்றே அங்கே இருந்தது என்பதற்கான சாட்சியாக மட்டும் வைத்துக்கொண்டேன்.

மரத்தையும் கைவிட்டேன். 2018இல் ஒரு குழு இருபது திராவிட மொழி வகைகளை நூறு சொல் பட்டியலோடு, நிகழ்தகவை வைத்துக் கணிக்கும் பேயஸ் முறையில் ஆராய்ந்து, குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டு என்று கணித்தது. கோண்டியும் தமிழும் போல விலகிப்போன மொழிகளுக்கு மரம் பொருந்தும். மதுரையும் தஞ்சாவூரும் பிரிந்து போய்ப் பேசாமல் இருந்ததே இல்லையே. பெண் கொடுத்து, மாடு வாங்கி, வேலைக்குப் போய்க் கலந்துகொண்டே இருந்த ஊர்களுக்கு வலைப்படம்தான் சரி. 2004இல் பிரயண்டும் மோல்டனும் சொன்ன முறை அது. ஸ்பிளிட்ஸ்ட்ரீ மென்பொருளில் கட்டத்தை ஊட்டினால் வரைந்து தரும். முரண்படும் சான்றுகளை ஒளிக்காமல் பெட்டி பெட்டியாகக் காட்டும். என் வலையில் நடுவில் பெரிய பெட்டிக்கூட்டம். அழகாக இல்லை. சொற்களை மாற்றி மாற்றி எடுத்து ஆயிரம் முறை ஓட்டியதில், உறுதியாக நின்ற பிரிவு இலங்கை, தமிழ்நாடு என்ற ஒன்றுதான். ஊருக்கு ஒருவரை வைத்துக்கொண்டு இதற்கு மேல் கேட்பது பேராசை. அந்த ஒருவரின் சாதியும் வயதும் படிப்பும் ஊரின் பெயரில் ஒளிந்துகொள்கின்றன.

கட்டத்தில் ஒரு வரி மட்டும் இன்னும் நிரப்பவில்லை. 'இலை' தமிழ்நாட்டில் பல ஊர்களில் 'எல' ஆகிறது, 'இடம்' 'எடம்' ஆகிறது. இது புதிய மாற்றம்தான் என்று சட்டென்று 1 போட்டேன். அப்புறம் கன்னடத்தில் 'எலெ' என்று இருப்பது நினைவுக்கு வந்தது. மலையாளத்தில் 'இல'. அடுத்த அசையில் அகரம் வரும் இடத்தில் இகரமும் எகரமும் தமிழ் தனியாவதற்கு முன்பே ஒரு முறை கலந்தவை என்கிறது திராவிட ஒப்பிலக்கணம். அப்படியென்றால் எது வைத்துக்கொண்டது, எது புதிது? அந்த ஒன்பது கட்டத்திலும் இப்போதைக்குக் கேள்விக்குறி.

போன வாரம் கோப்புகளைச் சுத்தம் செய்யும்போது ஈரோட்டம்மாவின் ஒலிப்பதிவை முதல் முறையாக நிறுத்தாமல் கடைசி வரை ஓடவிட்டேன். நான் கேட்ட வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்கிறார்: "எங்க வீடு ரோட்டு மேலயே இருக்குது." சிறிது மௌனம். கைப்பேசி அணைந்துவிட்டது என்று நினைத்திருப்பார் போல. கொஞ்சம் தள்ளி, பேரனிடம்: "டேய், வெயில்ல நிக்காத, ஊட்டுக்குள்ள போ."

ஈரோட்டுக்கு வீ > ஊ வரிசையில் 0 போட்டிருந்தேன். அதை 1 ஆக்கவில்லை. அட்டவணையின் பக்கத்தில் இன்னொரு நெடுவரிசையைத் திறந்து, கேட்டபோது, கேட்காதபோது என்று தலைப்பிட்டு, மற்ற எட்டுப் பேரின் பதிவுகளையும் கடைசி நொடி வரை ஓடவிட ஆரம்பித்திருக்கிறேன்.